ரொக் குரூப், பதினாலு பேர்

ஒரே மாதிரிச் சங்கீதம் பிடித்த இரண்டு பேர் நிம்மதியாக நண்பர்களாக இருக்க முடியாது. சங்கீதமே பிடிக்காதவனோடு பிரச்சினை இல்லை. அவனோடு கிரிக்கெட் பேசலாம். பழைய சினிமாப் பாட்டுக் கேட்பவனோடும் பிரச்சினை இல்லை; அவன் தலையை ஆட்டும்போது நாமும் மரியாதைக்கு ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிடலாம். ஆனால் நம்மைப் போலவே இங்கிலிஷ் ரொக் கேட்டு, நம்மைப் போலவே அதற்காக வீட்டில் திட்டு வாங்கி, கடைசியில் நம்முடைய குரூப்பை விட்டுவிட்டு வேறொரு குரூப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறான் பாருங்கள், அவனோடு பால் ஊற்றாத ஒரு பிளேன்டி குடித்தாலும் வயிறு எரியும். அப்படிப்பட்ட ஒருவனோடு நான் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் சிரில். என் மனைவியின் அண்ணன். அவன் எனக்கு உண்மையிலேயே மச்சான் ஆன நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அன்றைக்கு நான் நடந்துகொண்ட விதத்தில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் பின்பாதி. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சலீம் நானா ஒரு ரெக்கோடிங் பார் வைத்திருந்தார். (‘பார்’ என்று கேள்விப்பட்டதும் என் அப்பா வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினார். அது தனிக்கதை.) வெறும் கசெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நானா தன்னிடம் இருக்கும் இசைத்தட்டிலிருந்து பாட்டை அதில் ஏற்றித் தருவார். இங்கிலிஷ் பெயர்களில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தன் காதைத்தான் நம்பினார். காதில் என்ன விழுந்ததோ அதையே கசெட்டின் மேல் எழுதி ஒட்டினார். ஒரு குரூப்புக்கு ‘இங்கி. கத்து’ என்று பெயர் வைத்தார். இன்னொன்றுக்கு ‘இங்கி. இழுவை’. கத்து ஒன்று, கத்து இரண்டு, இழுவை ஒன்று, இழுவை இரண்டு என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

நான் கத்து. சிரில் இழுவை.

அந்த இரண்டு குரூப்புகளின் உண்மையான பெயர்கள் ரொம்பப் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் சிரில் வாசித்துவிட்டு, எழுத்துப் பிழையில் ஆரம்பித்து, ட்ரம் அடிப்பவன் குரூப்பை விட்டுப் போனது எந்த வருஷம் என்பது வரைக்கும் வந்து நிற்பான். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.

என்னுடைய குரூப்பின் பாட்டுகள் மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாது. எடுத்த எடுப்பிலேயே பாடகன் அலறுவான், கிட்டார் அவனைத் துரத்தும், முடிந்துவிடும். சிரிலுடைய குரூப்புக்குக் கசெட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. முதலில் மணி அடிக்கும். பிறகு காற்று வீசும். பிறகு யாரோ நடந்து போவார்கள். யார், எங்கே போகிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். நாலைந்து நிமிஷம் கழித்து ஒரு கிட்டார் வந்து, வந்ததற்கு வருத்தப்படுவது போல ஒரு சத்தம் போடும்.

“உன் ஆளு பாடுறானா, இல்ல அவனுக்கு யாராச்சும் பல்லு புடுங்குறாங்களா?” என்பான் சிரில்.

“உன் பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் உக்குவெல போயி மரக்கறி வாங்கிக்கிட்டு வந்துருவேன்” என்பேன் நான்.

இப்படியே ஆறு வருஷம். இதில் முக்கியமான விஷயம் ஒன்று: நாங்கள் இருவரும் அந்தக் குரூப்காரர்களின் முகத்தைப் பார்த்ததே இல்லை. நானாவின் கசெட்டில் படம் கிடையாது. குரலுக்கு ஏற்ற முகத்தை நாங்களே மனதில் வரைந்து வைத்திருந்தோம். இந்த ஒரு குறையால்தான் பின்னால் இவ்வளவும் நடந்தது.

எங்கள் ஊரில் மச்சான் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதையும் இல்லை. கூடப் படித்தவன் மச்சான், பஸ் கண்டக்டர் மச்சான், சிங்களப் பையனும் மச்சான், காலை மிதித்துவிட்டு “சொறி மச்சான்” என்று போகிறவனும் மச்சான். ஆறு வருஷமாகச் சிரிலும் நானும் ஆளுக்கு ஆள் ஒரு நாளைக்கு நூறு மச்சான் போட்டுக்கொண்டிருந்தோம். அவனுடைய தங்கச்சி ஜெசிந்தாவின் மேல் எனக்கு எண்ணம் வந்த பிறகுதான் அந்தச் சொல் தொண்டையில் சிக்க ஆரம்பித்தது. சாதாரணமாகச் சொன்னாலும் விண்ணப்பம் போடுகிற மாதிரி இருந்தது.

ஜெசிந்தா கோயிலுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னைப் பிடித்திருக்கிறது என்று நேராகவே சொல்லிவிட்டாள். “அப்பா இல்லாத வீடு. அண்ணன் சொன்னா அம்மா கேட்டுக்குவாங்க. மொதல்ல அண்ணன்கிட்ட பேசுங்க” என்றாள். பேசினேன். சிரில் முழுவதையும் கேட்டான். அதோடு மச்சான் நின்றது. மறுநாளிலிருந்து என்னை “மிஸ்டர் சேவியர்” என்று கூப்பிட ஆரம்பித்தான். ஆறு வருஷம் ஒரே பிளேட்டில் ரோல்ஸ் தின்றவனை மிஸ்டர் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலையைக் குறை சொல்வான் என்று நினைத்தேன். மிளகும் கொக்கோவும் போட்ட ஒரு சின்னத் தோட்டத்தில் கிளாக்கர் நான், சம்பளம் சுமார்தான். குடும்பத்தைக் குறை சொல்வான் என்று நினைத்தேன். அவன் சொன்ன குறையைக் கேட்டு ஜெசிந்தாவே வாயைப் பிளந்துவிட்டாளாம்.

“அவன் கத்து கேக்குறவன். பொறுமையே கெடையாது. மூணு நிமிஷத்துக்கு மேல ஒரு பாட்டக் கேக்க முடியாதவன், சாகுற வரைக்கும் எப்பிடி ஒரு பொண்ணோட குடும்பம் நடத்துவான்?”

நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு மிஸ்டராக நடமாடினேன்.

அப்போதுதான் தோட்டத்து ஆபீஸுக்கு அந்தப் போன் வந்தது. பேசியவன் எங்களோடு படித்த குமார். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து சரியாக ஒரு வாரம். (அந்த ஒரு வாரத்தை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

“மச்சான், ஒரு முக்கியமான விசயம். யாருகிட்டயும் சொல்லாத. நாளன்னைக்கு இங்க ஒரு ரொக் குரூப் வருது. இங்கிலாந்துலேருந்து!”

“எந்தக் குரூப்?”

“பேரு போடல. போர்ட்ல ‘ரொக் குரூப், பதினாலு பேர், காலை ஒம்பது மணி’ன்னு மட்டும் எழுதிப் போட்டிருக்காங்க. ரகசியமா வாறாங்க போல. மெனேஜரு சமையக்காரங்களக் கூப்பிட்டு, ஒறைப்பு போடாதீங்கன்னு சொல்லியிருக்காரு. ஒம்பது மணிக்கு மலைக்கு ஏறுறாங்க.”

போனை வைத்தேன். நேராகச் சிரிலிடம் ஓடினேன். அவன் நாலு மாதத்தில் முதல் தடவையாக மிஸ்டரை மறந்தான்.

“பதினாலு பேரா? எந்தக் குரூப்புலடா பதினாலு பேரு?”

“வாசிக்கிறவன் அஞ்சு பேரு இருப்பான். மிச்சம் லைட்டுக்காரன், வயருக்காரன், சமையக்காரன்.”

“மலைக்கு எதுக்கு?”

“அல்பத்துக்குப் படம் புடிக்கத்தான். வேற எதுக்கு?”

இரண்டு பேரும் இங்கிலிஷ் படித்தவர்கள். ரொக் என்றால் கல் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சீகிரியாவில் ஊர் உயரத்துக்கு ஒரு கல் நிற்பதும், அதில் ஏறத்தான் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்த இரண்டு மடையர்கள் உட்கார்ந்து, அந்தக் குரூப் யாருடைய குரூப்பாக இருக்கும் என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம்.

சண்டை முற்றியபோதுதான் சிரில் அந்த யோசனையைச் சொன்னான். “வாறது எந்தக் குரூப்பா வேணும்னாலும் இருக்கட்டும். அவனும் ரொக்காரன்தான, அவனுக்குத் தெரியும். ரெண்டையும் போட்டுக் காட்டி எது பெரிசுன்னு அவனையே கேப்போம். கத்துதான்னு சொன்னா, அம்மாகிட்ட நானே வந்து பேசுறேன். இழுவைன்னு சொன்னா, நீங்க எங்க வீட்டுப் பக்கம் காலே வைக்கக்கூடாது. சரியா, மிஸ்டர் சேவியர்?”

யாராவது சுயபுத்தி உள்ளவன் இதற்கு ஒத்துக்கொள்வானா? நான் கை கொடுத்தேன். என் குரூப் தோற்காது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஜெசிந்தாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

குரூப் வரும் அன்றைக்கு முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். ரொக்காரர்களைச் சந்திக்கப் போகிறோம் என்பதால் நான் பெல் பொட்டமும், அடி தடித்த உயரச் சப்பாத்தும் போட்டிருந்தேன். (அந்தச் சப்பாத்தில் மாத்தளை மெயின் ஸ்ட்ரீட்டிலேயே என்னால் ஒழுங்காக நடக்க முடியாது.) சிரில் யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்பு வெல்வெட் கோட்டு போட்டிருந்தான். மடியில் கசெட் பிளேயர். தம்புள்ளை வரைக்கும் என் தலைக்கு மேல் வெங்காய மூட்டை. அங்கே இறங்கி சீகிரியா பஸ் பிடித்து, ஒன்பது மணிக்கு முன்னால் டிக்கட் கவுண்டரில் போய் நின்றோம். வெயில் ஏற்கனவே ஏறியிருந்தது. கோட்டைக் கழற்றச் சொன்னேன்; முடியாது என்றுவிட்டான்.

ஹோட்டல் வேன் வந்தது. பதினாலு பேர் இறங்கினார்கள். ஒருத்தருக்கும் அறுபதுக்குக் குறையாது. தொப்பி, கைத்தடி, முழங்காலில் கட்டு. ஒரு அம்மா இறங்கியதுமே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்.

நான் சிரிலைப் பார்த்தேன். சிரில் அவர்களைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தியா? இதுதான்டா ரொக்காரன் வாழ்க்கை. நித்திரை இல்ல, சாப்பாடு இல்ல, ஊர் ஊரா அலைச்சல். முப்பத்தஞ்சு வயசுதான் இருக்கும். எப்பிடி ஆயிட்டான் பாரு.”

நானும் “பாவம்டா” என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

கூட்டத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் இருந்தார். நீளமான விரல்கள். பார்த்ததுமே லீட் கிட்டார் அவர்தான் என்று முடிவு செய்துவிட்டோம். சிரில் என்னை முன்னால் தள்ளிவிட்டான். என் முழு இங்கிலிஷையும் திரட்டி, “சேர், நீங்கள்தானே ரொக் குரூப்?” என்று கேட்டேன்.

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். “ஆமாம், ஆமாம், நாங்கள்தான் ரொக் குரூப். கேவ் குரூப் தம்புள்ளைக்குப் போய்விட்டது.”

நான் திரும்பி வந்து சிரிலிடம் சொன்னேன். “கேவ் குரூப்பும் வந்திருக்காம். தம்புள்ளையில இருக்காங்களாம்.”

சிரில் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “கேவ் குரூப்பா? தெரியும். அவங்க ரெண்டாவது அல்பம் நல்லாருக்கும்.”

“மொத அல்பம்தான் நல்லாருக்கும்” என்றேன் நான், அவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. இல்லாத குரூப்பின் இல்லாத அல்பத்துக்காக அரை மலை வரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டே ஏறினோம்.

அந்தச் சப்பாத்தோடு நான் எப்படி ஏறினேன் என்பதை விவரிக்கப் போவதில்லை. கண்ணாடிச் சுவர் என்று சொல்கிற அந்தப் பழைய வழவழப்பான மதிலுக்குப் பக்கத்தில் இரண்டு தடவை தவழ்ந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முழங்காலில் கட்டுப் போட்ட அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது “ஆர் யூ ஓல்ரைட்?” என்று கேட்டார். மேலே சிங்கச் சிலையின் பாதங்கள் மட்டும் மிஞ்சியிருக்கிற திறந்தவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் களைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள். கேட்பதற்கு இதுதான் நல்ல சமயம்.

அங்கே ஓர் அறிவித்தல் பலகை இருந்தது. சத்தம் போட வேண்டாம், குளவிகள் தாக்கும் என்று எழுதியிருந்தது. ஓரத்தில் கம்பிவலை அடித்த ஒரு கூண்டும் இருந்தது. குளவி வந்தால் ஆட்கள் ஓடி ஒளிவதற்கு. பலகையை வாசித்தேன். கூண்டையும் பார்த்தேன். ‘சத்தம்’ என்பது எங்களைக் குறிக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. நாங்கள் போடப் போவது சங்கீதம் அல்லவா?

தாடிக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கசெட் போடுவோம், எது பெரிது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மனிதர் ஒன்றும் புரியாமலேயே மரியாதைக்குத் தலையை ஆட்டினார்.

முதலில் சிரில். இழுவை இரண்டைப் போட்டு, பிளேயரை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, கோயிலில் நிற்பவன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மணி அடித்தது. காற்று வீசியது. சீகிரியாவில் ஏற்கனவே நல்ல காற்று. எது கசெட், எது மலை என்று தெரியவில்லை. தாடிக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது.

“பெட்டரி முடிந்துவிட்டதா?” என்று அன்பாகக் கேட்டார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிலின் முகம் சுருங்கிப்போனது. இனி என்ன, ஜெசிந்தா எனக்குத்தான் என்று, கசெட்டை மாற்றி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருகி, கத்து ஒன்றைப் போட்டேன்.

பாடகன் அலறினான். அந்தக் கல் அதை வாங்கி, இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. கூட்டத்தோடு வந்த சிங்கள வழிகாட்டி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். “மல்லி! சத்த கரன்ன எபா! சத்த கரன்ன எபா!” என்று, சத்தம் போடாதே என்பதை எங்கள் எல்லோரையும்விடப் பெரிய சத்தமாகச் சொன்னார். அதற்குள் மேலே பாறையிலிருந்து கறுப்பாக ஒன்று கழன்று இறங்கியது.

“பம்பரு!” என்று கத்தினார் வழிகாட்டி. அந்தச் சிங்களச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

மலைநாட்டில் பிறந்தவனுக்குக் குளவி என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூண்டுக்கு ஓடினேன். வெள்ளைக்காரர்கள் பதினாலு பேரும் எனக்கு முன்னால் உள்ளே இருந்தார்கள். (முழங்கால் கட்டு அம்மாதான் முதலாவது.) வழிகாட்டி உள்ளே வந்தார். நான் கதவை இழுத்துக் கொண்டியைப் போட்டேன். போட்ட பிறகுதான் வெளியே பார்த்தேன்.

வெளியே சிரில். வெல்வெட் கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு குருட்டு மாடு மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி, கம்பிவலையில் வந்து மோதினான்.

“மச்சான்! கதவத் தெற!”

நாலு மாதம். நாலு மாதமாக நான் கேட்கத் தவித்த சொல். என் கை கொண்டியில்தான் இருந்தது. திறந்திருக்க வேண்டும். எந்த மனிதனும் திறந்திருப்பான்.

“என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“தெறடா!”

“அதுக்கு முன்னால என்னமோ சொன்னியே.”

“மச்சான்னு சொன்னேன்டா! ஐயோ!”

“சும்மா சொன்னியா, நெசமா சொன்னியா?”

“நெசமாடா! அந்தோனியார் மேல சத்தியம்! அம்மாகிட்ட நானே பேசுறேன்டா! தெற!”

வழிகாட்டி என் கையில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, கதவைத் திறந்து சிரிலை உள்ளே இழுத்துப் போட்டார். இது நடந்து முடிய இருபது வினாடி ஆகியிருக்கும். ஐந்து நிமிஷம் என்று சிரில் இன்றைக்கும் சொல்கிறான். எது எப்படியோ, அவனுக்குப் பதினொரு கொட்டு. எனக்கு மூன்று.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கசெட் பிளேயர் வெளியே கல்லின் மேல் பாடிக்கொண்டிருந்தது. அது பாடப் பாட, குளவிகள் அடங்கவில்லை. போய் நிறுத்த யாருக்கும் தைரியம் இல்லை. கசெட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம். புதுப் பெட்டரி ஆறு போட்டிருந்தேன். ஒரு கம்பிக்கூண்டுக்குள் பதினேழு பேர் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு, என்னுடைய குரூப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டோம். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஒரு சின்ன அமைதி. எல்லோர் முகத்திலும் ஒரு நம்பிக்கை வரும். உடனே அடுத்தவன் அலறுவான். ஐந்தாவது பாட்டில் எனக்கே தலை வலித்தது.

“உன் ஆளுக்கு மூச்சே வாங்காதாடா?” என்றான் சிரில். உதடு வீங்கி, ‘மூச்சு’ என்பது ‘மூப்பு’ மாதிரிக் கேட்டது.

அந்த அரை மணி நேரத்தில்தான் உண்மை வெளியே வந்தது. வழிகாட்டி எரிச்சலோடு விளக்கினார். இந்தக் கல்லுக்கு வருகிறவர்கள் ரொக் குரூப். தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் போகிறவர்கள் கேவ் குரூப். பெரிய கூட்டம் வந்தால் ஹோட்டல் போர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான குமாருக்கு அது தெரியவில்லை. நாளைக்கு ஸ்பைஸ் குரூப். மாத்தளையில் மிளகுத் தோட்டம் பார்க்கப் போகிறார்கள். (என்னுடைய தோட்டத்துக்குத்தான். வீட்டிலேயே இருந்திருந்தால் அவர்களே என்னைத் தேடி வந்திருப்பார்கள்.) கேவ் குரூப்பின் இரண்டாவது அல்பத்தைப் பற்றி நான் சிரிலிடம் கேட்கவில்லை. அவனும் முதலாவதைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் வெட்கத்தை விட்டுத் தாடிக்காரரிடம், நீங்கள் என்னதான் வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். பல் டொக்டராம். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாம். வெளியே என் பாடகன் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவர் சற்று நேரம் உன்னிப்பாகக் கேட்டார்.

“முப்பது வருஷம் பல் பிடுங்கியிருக்கிறேன். இந்தச் சத்தம் எனக்கு நன்றாகப் பழக்கம்” என்றார்.

பதினொரு கொட்டு வாங்கிய நிலையிலும், ஒரு கண் மூடிப்போன நிலையிலும், சிரில் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே போய்விட்டான்.

கசெட் முடிந்து குளவிகள் அடங்கி, கீழே இறங்கியதும் டிக்கட் கவுண்டர் அம்மா சுண்ணாம்பு தடவி, திட்டவும் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, நான் வெறுங்காலோடும் அவன் முழுசாக வெள்ளை முகத்தோடும் மாத்தளை பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சீட் கொடுத்தார். சிரில் சத்தியத்தை மீறவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, தாயிடம், “அம்மா, கல்யாணத்தப் பீப்பி முடிச்சிருவோம்” என்றான். ‘பேசி’ என்று சொல்ல வந்தானாம். வாய் ஒத்துழைக்கவில்லை.

இனி எல்லாம் சுகம் என்று நான் நினைத்தேன். ஜெசிந்தா இருந்ததை மறுபடியும் மறந்துவிட்டேன்.

பந்தயக் கதை முழுவதையும் சிரிலின் வீங்கிய வாயிலிருந்து அவள் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி எடுத்திருந்தாள். மூன்றாம் நாள் வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன் மச்சான்னு சொன்னது குளவிக்குப் பயந்து. எனக்கு என்ன பயம்? நான் எதுக்கு சரின்னு சொல்லணும்?”

“ஜெசி, அது வந்து...”

“என்னைய வெச்சுப் பந்தயம் கட்டியிருக்கீங்க ரெண்டு பேரும். அந்தப் பல்லு டொக்டர்கிட்ட கேக்கத் தோணிச்சு, எங்கிட்ட கேக்கத் தோணலியா?”

இரண்டு மாதம் அவள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் எனக்கு வேலை ஓடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கத்து கேட்கக்கூடப் பிடிக்கவில்லை. இவள் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம் உண்மையான பயம். குளவியெல்லாம் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூப்பிட்டனுப்பினாள். மேசை மேல் பிளேயர். பக்கத்தில் இழுவை இரண்டு.

“பொறுமை இல்லாத ஆளுன்னு அண்ணன் சொல்லுது. நானும் பாக்குறேன். முழுசாக் கேளுங்க. நடுவுல வாயத் தெறந்தீங்க, வந்த வழியே போயிரலாம்.”

உட்கார்ந்தேன். எதிரே ஜெசிந்தா கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் சிரில் நிற்பது தெரிந்தது. மணி அடித்தது. காற்று வீசியது. யாரோ நடந்து போனார்கள். எனக்கு நாக்கு நுனியில் பதினேழு பகிடி வந்தது. ஒவ்வொன்றையும் மென்று விழுங்கினேன். கிட்டார் வந்து வருத்தப்பட்டது. நான் அசையவில்லை. அரை மணி நேரமும் முடிந்து பிளேயர் ‘டக்’ என்று நின்றபோது ஜெசிந்தா கொப்பியை மூடிவிட்டு, “இப்பக் கேளுங்க” என்றாள்.

பாட்டைப் பற்றித்தான் கேட்கிறாளோ என்று ஒரு வினாடி குழம்பினேன். பிறகு கேட்டேன். சரி என்றாள்.

கல்யாணம் முடிந்து ஆறாம் மாதம், தமிழர் வீடுகளை எரித்த அந்த எண்பத்து மூன்று ஜூலை வந்தது. அதைப் பற்றி எழுத இது இடமில்லை. ஒரு பெட்டியோடு அகதிகளாகப் பள்ளிக்கூடத்துக்குள் போனோம். திரும்பி வந்தபோது, எல்லோரும் ஒன்றாக இருந்த வீட்டில் கூரை இல்லை. உயிர் இருந்தது, அது போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனாலும் சிரிலின் இழுவையும் என்னுடைய கத்தும் ஒன்றாக உருகி, எது எது என்று தெரியாமல் ஒரே கட்டியாகக் கிடந்ததைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். சலீம் நானாவின் கடையும் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

அதன் பிறகு ஆதாரம் இல்லாத வழக்கு எங்களுடையது. ஞாபகத்தை வைத்துத்தான் சண்டை. மணி ஆறு நிமிஷம் அடிக்கும் என்பேன்; இரண்டு நிமிஷம்தான் என்பான். இருபது வருஷம் இப்படியே போனது. நாங்கள் தொடங்கினாலே ஜெசிந்தா உள்ளேயிருந்து, “ரொக் குரூப் வந்தாச்சு, பதினாலு பேருக்குப் பிளேன்டி ஊத்தணும்” என்பாள். நான் எந்த விஷயத்திலாவது பிடிவாதம் பிடித்தால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, “மச்சான், கதவத் தெற!” என்று கத்துவார்கள். என் மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு முன்னாலும் கத்தினார்கள்.

போர் கொஞ்சம் ஓய்ந்து, பாதைகள் திறந்திருந்த ஒரு வருஷம், கொழும்பில் வேலை செய்த மகன் இரண்டு குரூப்பையும் சீடியில் தேடிப் பிடித்துக் கொண்டு வந்தான். முதலில் இழுவை போட்டான். மணி மூன்று நிமிஷம் அடித்தது. இரண்டு பேருமே தோற்றோம்.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, வாயை மூடிக்கொண்டு கேட்டபோதே, கடைசி நாலு நிமிஷம் எனக்குப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. அந்த வருத்தப்படுகிற கிட்டார் மெல்ல மெல்ல மேலே ஏறி, ஓர் இடத்தில் வந்து நிற்கும். அப்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். இருபது வருஷம் நான் அதைச் சிரிலிடம் மூச்சு விடவில்லை.

சீடியில் அந்த இடம் வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தலை நரைத்திருந்தாலும், காதுக்குப் பின்னால் அந்தப் பழைய கொட்டுத் தழும்பு இன்னும் தெரிந்தது.

“நல்லாருக்குல்ல மச்சான்?” என்றான் மெதுவாக.

“என்ன சொன்ன?” என்றேன். “கேக்கல.”

“கதவத் தெறந்து விடுங்க” என்றாள் ஜெசிந்தா குசினியிலிருந்து. “எவ்வளவு நேரந்தான் அண்ணன் வெளியவே நிக்கிறது?”

“நல்லாருக்கு” என்றேன்.